நேரசூசியில் செவ்வாய்

திங்கள் பல் தீட்டல், உடுப்பு மடித்தல்.
புதன் கடைக்குப் போய் மிச்சக்காசு எண்ணல்.
வியாழன் ஊசி, நூல், பொத்தான்.
செவ்வாய்க்கு மட்டும் பயிற்சிக் கையேடு
ஒரேயொரு சொல்லைத் தந்திருந்தது:
வேண்டாம்.

மல்லாவியில் பழைய நெல்லுக் களஞ்சியம்தான்
எங்கள் பகல்நேர நிலையம்.
எவ்வளவு கூட்டினாலும் சுவர் மூலையில் உமி கிடக்கும்.
பாண்டியன்குளம், யோகபுரம் சுற்றி
ஒன்பதுக்கு வரவேண்டிய வான்
ஒன்பதே முக்காலுக்கு வரும்.
கிரவல் தூசி அப்பிய பதினொரு முகங்கள்.
முதலில் கேதீசன், வயது முப்பத்து நாலு,
எல்லாருக்கும் கை கொடுப்பான்,
கதவுக்கும் கொடுப்பான்.
கடைசியில் பவாகினியின் சில்லுக்கதிரை இறங்கும்,
அதற்குப் பிறகு பவாகினி.

தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு
நான்தான் தெரியாத ஆள்.
இல்லாத சைக்கிளை நிறுத்தி
"ஏறு, வீட்டை கொண்டுபோய் விடுறன்" என்பேன்.
கையை நெஞ்சுக்கு முன்னால் நிறுத்தி
அவர்கள் என் கண்ணைப் பார்த்துச் சொல்லவேண்டும்.
கேதீசன் சிரித்தபடி ஏறிவிடுவான்.
"உங்களைத் தெரியும்தானே மிஸ்."
என்ன சொல்ல, அதுவும் சரிதான்.

மல்லிகாதேவிக்கு நாற்பத்தாறு.
இரு என்றாலும் ஓம், எழும்பு என்றாலும் ஓம்,
ஆறிப்போன தேத்தண்ணிக்கும் ஓம்.
ஓம் என்பதில்கூடச் சத்தமில்லை,
நாடி ஒருக்கால் தாழும், அவ்வளவே.
ஏழு செவ்வாய்.
படிவத்தில் அவள் பெயருக்கு நேரே
"செய்யமாட்டார்" என்ற கூட்டுக்குள்
ஏழு புள்ளடி போட்டவள் நான்.

எட்டாவது செவ்வாய் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.
வெள்ளை வாகனம், ஆளுக்கொரு பொதி:
பருப்பு, சீனி, சவர்க்காரம்.
பொதியைப் பிடித்தபடி ஒரு படம்.
பவாகினி உதட்டுச்சாயம் கேட்டாள்.
கேதீசன் கமராவுக்குக் கை கொடுத்தான்.
மல்லிகாதேவியின் மடியில் பொதியை வைத்து
"அம்மா, இஞ்ச பாருங்கோ" என்றார் படமெடுப்பவர்.

கை எழும்பியது.
நெஞ்சுக்கு முன்னால், ஐந்து விரலும் விரிந்து.
சொல் கொஞ்சம் பிந்தி வந்தது,
பாதியில் நின்று,
மிச்சமும் வந்தது.

"ஒரு படம்தானே, அறிக்கைக்கு."
இணைப்பாளர் என் காதுக்குள்.
"நீர் சொன்னால் கேப்பா."

நான் சொன்னால் கேட்பாள். தெரியும்.
என் மூன்று மாதச் சம்பளம்
அந்த அறிக்கைக்குப் பின்னால் வரிசையில் நிற்பதும் தெரியும்.
இரண்டடி முன்னால் போனேன்.
துவாய் கட்டாமலே
அவளுக்கு முன்னால் நான் தெரியாத ஆளாய் நின்றேன்.

ஒன்றும் சொல்லவில்லை.
அதைத் துணிவென்று எழுதமாட்டேன், வாய் வறண்டிருந்தது.
அதற்குள் யாரோ ஒருவரின் சீனியோடு
குரங்கொன்று கூரையேற
கமரா வெளியே ஓடியது.

பிறகு ஒரு கிழமை முழுக்க வேண்டாம்தான்.
விளக்குமாறு வேண்டாம். பாட்டு வேண்டாம்.
கேதீசனுக்குப் புதன்கிழமையே வேண்டாம்.
வானில் முன் சீற்றைத் தவிர
பவாகினிக்கு வேறெந்தச் சீற்றும் வேண்டாம்.
தலையிடி தாங்காமல் கையேட்டை மூடி
அலுமாரிக்கு மேல் எறிந்தேன்.

வெள்ளி பின்னேரம் மல்லிகாதேவியின் தமையன் போன் எடுத்தார்.
"என்னத்தை அங்க படிப்பிக்கிறியள்?
கொடுப்பனவுப் புத்தகத்தைத் தலகணிக்குள்ள வச்சுத்
தைச்சுப் போட்டாள்.
மாசாமாசம் நான்தானே எடுக்கிறனான்.
கேட்டால் கையைக் காட்டுறாள்."

தையலா?
ஊசியில் நூல் கோர்க்கவே
அவளுக்கு நான்கு மாதம் எடுத்தது.

"நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ மிஸ்.
நீங்கள் சொன்னால் கேப்பாள்."

என் இடது கை தானாக
நெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றது.
போனில் அது அவருக்குத் தெரியாதே,
வாயாலும் சொன்னேன்.